வார்ப்பா, மோல்டிங்கா? ஓசூர் பட்டறைகளின் கணக்கு

உற்பத்தித் தொழில்நுட்பம் பாடத்தில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு கேள்வி: "வார்ப்பு முறையையும் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் முறையையும் ஒப்பிடுக." நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து என்று எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். ஆனால் ஓசூர் சிப்காட்டிலோ, எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலோ, பொம்மசந்திராவிலோ பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் வரைபடத்தை நீட்டிப் பாருங்கள். அவர் கோடெல்லாம் போட மாட்டார். முதலில் "எத்தனை பீஸ் வேணும்?" என்பார். அடுத்து, "மோல்டு காசு யார் குடுக்கறது?" என்பார். நமது எல்லைப் பகுதியில் எந்தப் பாகம் உலோகத்தில் வந்தது, எது பிளாஸ்டிக்காக மாறியது என்ற ஐம்பது வருடக் கதையைப் பார்த்தால், பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகளின் பதில்தான் தெரிகிறது.

மெக்கானிக்கல் படிக்காதவர்களுக்காக சுருக்கமாக. வார்ப்பு என்றால் உலோகத்தை உருக்கி, வேண்டிய வடிவத்தில் குழியுள்ள அச்சுக்குள் ஊற்றி ஆறவிடுவது. மணலில் அச்சு செய்தால் அது ஒவ்வொரு முறையும் உடைபடும், மறுபடி மணலைக் கெட்டிக்க வேண்டும். இரும்பு அச்சில் பெரும் அழுத்தத்தோடு அலுமினியத்தையோ துத்தநாகத்தையோ செலுத்தினால் அது பிரஷர் டை காஸ்டிங். இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கில் பிளாஸ்டிக் குருணையைச் சூடான குழாய்க்குள் போட்டு, உள்ளே சுற்றும் திருகு அதை இளக்கித் தள்ள, இரும்பு அச்சுக்குள் போய் உறைகிறது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். ஏ.பி.எஸ், பாலிப்ரொப்பிலீன் போன்றவற்றுக்கு 200 முதல் 260 டிகிரி போதும். இந்த வெப்ப வித்தியாசத்தை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி பழங்கதை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பர்கூர் பக்கம் மயிலாடும்பாறை என்று ஓர் ஊர். அங்கே அகழ்வாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். (2025 ஜனவரியில் வெளியான சிவகளை முடிவுகள் காலத்தை இன்னும் பின்னே தள்ளிவிட்டன, அது வேறு விஷயம்.) பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், அந்தப் பழைய இரும்பு வார்ப்பு அல்ல. சுத்தமான இரும்பு திரவமாக 1538 டிகிரி வேண்டும். கரியும் துருத்தியும் உள்ள சிறு உலை அவ்வளவு தூரம் போகாது. அதனால் பஞ்சு மாதிரி துளைகளோடு வரும் இரும்புக் கட்டியைச் சம்மட்டியால் அடித்து அடித்து உருவாக்கினார்கள். ஊற்றி வார்ப்பது செம்புக்கும் வெண்கலத்துக்கும்தான். சோழர் கால நடராஜர்களும், இன்றும் சுவாமிமலையில் செய்யும் சிலைகளும் மெழுகு அச்சில் வார்த்தவை. அந்த முறையில் ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான், அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். "எத்தனை பீஸ்?" என்ற கேள்விக்கு அங்கே பதில் "ஒன்று". சாமிக்கு அது போதும்.

ஒரே அச்சில் ஆயிரம் வேண்டும் என்ற தேவை நம் ஊருக்கு அச்சுப் புத்தகத்தோடு வந்தது. ஈய எழுத்துகளைத்தான் சொல்கிறேன். 1713-ல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை, தாளைத் தின்றன. அதனால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்க்க முடிவு செய்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கினார்கள் என்பது அச்சு வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் செய்தி. எனக்கு மிகவும் பிடித்த தமிழ் இலக்கிய வரலாறு இதுதான் :-)

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிரஷர் டை காஸ்டிங் பிறந்ததே எழுத்து வார்க்கும் இயந்திரங்களிலிருந்துதான். 1838-ல் அமெரிக்காவில் டேவிட் புரூஸ் எழுத்து வார்க்க இயந்திரம் செய்தார். 1849-ல் ஸ்டர்ஜஸ் என்பவர் பெற்ற காப்புரிமையும் எழுத்துக்காகத்தான். பிளாஸ்டிக்கும் அதே பாதையில்தான் வந்தது. பில்லியர்ட்ஸ் பந்துக்கு யானைத் தந்தத்துக்கு மாற்று தேடிய ஹையாட் சகோதரர்கள் 1872-ல் செல்லுலாய்டைத் தள்ளி நிரப்பும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். பம்ப் மாதிரி தள்ளும் தண்டு, மூடித் திறக்கும் இரும்பு அச்சு, இவ்வளவுதான். இப்போது நாம் பார்க்கும் திருகு வைத்த இயந்திரத்தை ஜேம்ஸ் ஹென்ட்ரி 1946-ல் செய்தார். ஆக டை காஸ்டிங்கும் மோல்டிங்கும் எதிரிகள் இல்லை, அண்ணன் தம்பி. பாடப்புத்தகம் உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே போடும் கோட்டை நான் வேறு இடத்தில் போடுவேன்: விலை குறைந்த அச்சு ஒரு பக்கம், விலை உயர்ந்த அச்சு மறுபக்கம். மணல் வார்ப்பு முதல் வகை. டை காஸ்டிங்கும் இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கும் சேர்ந்து இரண்டாம் வகை.

இப்போது ஓசூருக்கு வருவோம். தமிழக அரசு 1971-ல் சிப்காட்டைத் தொடங்கி, அந்தப் பத்தாண்டுகளிலேயே ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. மாவட்டம் அப்போது தர்மபுரி (கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்). சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல், பெங்களூரிலிருந்து 40. நிலமும் சலுகையும் தமிழ்நாட்டினுடையவை, பக்கத்து ஊரின் கைத்திறன் இலவச இணைப்பு. 1953-ல் தொடங்கிய எச்.எம்.டி, அதற்கும் முன்பே இருந்த எச்.ஏ.எல் எல்லாம் சேர்ந்து பெங்களூரை டூல் ரூம் தெரிந்தவர்களின் ஊராக ஆக்கியிருந்தன. டென்மார்க் உதவியோடு 1972-ல் அங்கே அரசு டூல் ரூம் பயிற்சி மையமும் வந்தது. பிளாஸ்டிக் பக்கம், ஐ.நா. உதவியோடு 1968-லேயே சென்னை கிண்டியில் சிப்பெட் தொடங்கியாயிற்று. அச்சு செய்யத் தெரிந்த ஆட்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள் என்பதுதான் இதில் முக்கியம். இயந்திரத்தைக் கடன் வாங்கி வாங்கிவிடலாம். அச்சு செய்பவர் அப்படிக் கிடைக்க மாட்டார்.

1980-ல் இரண்டு பெரிய ஆலைகள் ஓசூரில் உற்பத்தியைத் தொடங்கின. ஒன்று அசோக் லேலண்ட். இன்னொன்று, அப்போது சுந்தரம் கிளேட்டனின் மொபெட் பிரிவாக இருந்து பின்னாளில் டிவிஎஸ் மோட்டார் ஆனது. அதன் டிவிஎஸ் 50 இரண்டு பேர் போகக்கூடிய முதல் இந்திய மொபெட். லாரி இன்ஜின் பிளாக் வார்ப்பிரும்பு. அதில் விவாதமே கிடையாது. மொபெட்டில்தான் சுவாரசியம். அதன் கிராங்க் கேஸ், சிலிண்டர் ஹெட் எல்லாம் அலுமினிய வார்ப்பு. சூடு, அதிர்வு, போல்ட் இறுக்கம் மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் பிளாஸ்டிக் மெதுவாக இளகி உட்கார்ந்துவிடும், போல்ட் தளர்ந்துவிடும். ஆகவே அங்கே தேர்வு என்ற பேச்சே இல்லை. மட்கார்டு, பெட்டி, மூடி, பிடிகள் இவற்றில்தான் தேர்வு. அவற்றிலும் அந்தக் காலத்து வண்டிகளில் தகரம்தான் அதிகம்.

ஏன்? பிளாஸ்டிக் தெரியாததாலா? இல்லை. கணக்கு இடிக்கிறது, அதனால்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம் (எண்கள் என் கற்பனை, விகிதம் மட்டும் பட்டறை வழக்கத்தை ஒட்டியது). உள்ளங்கை அளவு ஒரு மூடி. மணல் வார்ப்பு என்றால் மரத்திலோ அலுமினியத்திலோ ஒரு பேட்டர்ன், 20,000 ரூபாய். வார்த்து, பிசிர் நீக்கி, துளை போட ஒரு பீஸுக்கு 120 ரூபாய். இன்ஜெக்‌ஷன் மோல்டிங் என்றால் அச்சு 5 லட்சம், பீஸ் 20 ரூபாய். 300 பீஸ் வேண்டுமென்றால் வார்ப்பில் மொத்தம் 56,000, அதாவது பீஸ் 187 ரூபாய். மோல்டிங்கில் 5,06,000, பீஸ் 1,687 ரூபாய்! மூடிக்கு இந்த விலை கொடுப்பவர் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். இதுவே 50,000 பீஸ் என்றால் வார்ப்பில் பீஸ் 120 ரூபாய் சொச்சம், மோல்டிங்கில் வெறும் 30. இரண்டும் சமமாகும் இடம் 4,800 பீஸ். அந்த எண்ணுக்கு இந்தப் பக்கம் நிற்கிறோமா, அந்தப் பக்கமா என்பதுதான் தேர்வு. பொருளின் பலம், பளபளப்பு எல்லாம் அதற்கு அப்புறம்.

லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் ஒரு ஆலை எவ்வளவு செய்யலாம் என்பதை டெல்லி தீர்மானித்தது. எண்ணிக்கை உயராவிட்டால் 5 லட்சத்து அச்சின் காசு எப்படித் திரும்பும்? மூலப்பொருளும் சுலபமில்லை. பெட்ரோகெமிக்கல் என்றால் 1969-ல் தொடங்கிய அரசு நிறுவனமான ஐ.பி.சி.எல் ஒரு பெரிய பெயர், மற்றபடி சுங்க வரி கட்டி இறக்குமதி. இதற்கு மேல் 1967 முதல் சிறுதொழிலுக்கு மட்டும் என்று ஒதுக்கிய பொருட்களின் பட்டியல் வேறு. அதில் பிளாஸ்டிக் சாமான்கள் ஏராளம். இதனால் சின்னப் பட்டறைகளுக்கு வேலை கிடைத்தது உண்மை, பெரிய இயந்திரமும் பல குழி வைத்த அச்சும் வாங்கும் தெம்பு அவற்றுக்கு வராமல் போனதும் உண்மை. (அந்தப் பட்டியலின் கடைசி 20 பொருட்கள் 2015-ல்தான் நீக்கப்பட்டன.)

1991-க்குப் பிறகு எண்ணிக்கை உயர்ந்தது, ஹசீராவிலும் பின்னர் ஜாம்நகரிலும் தனியார் ஆலைகள் வந்து குருணையும் தாராளமாயிற்று. 1994-ல் டிவிஎஸ் ஸ்கூட்டி வந்தது. பஜாஜ் சேத்தக்கின் உடம்பு அழுத்தி எடுத்த எஃகுத் தகடு. ஸ்கூட்டியின் மேலுறைகள் பெரும்பாலும் பிளாஸ்டிக். இளம்பெண்கள் தள்ளி ஸ்டாண்டு போட எடை குறைய வேண்டும் என்பது ஒரு காரணம் (அலுமினியத்தின் அடர்த்தி 2.7, ஏ.பி.எஸ் 1.05 தான்). ஆனால் லட்சக்கணக்கில் விற்கும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் அந்தப் பெரிய அச்சுகளுக்கு யாரும் பணம் போட்டிருக்க மாட்டார்கள்.

என் கணக்கு இடறும் ஓர் இடமும் ஓசூரிலேயே இருக்கிறது. டைட்டன். 1983-ல் சுவிட்சர்லாந்தின் ஸ்வாட்ச், வெறும் 51 பாகங்களோடு, மோல்டிங் செய்த பிளாஸ்டிக் கூட்டுக்குள்ளேயே இயந்திரத்தைப் பொருத்தி உலகையே புரட்டிப் போட்டது. அடுத்த வருடமே டாடாவும் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. லட்சக்கணக்கில் செய்யும் திட்டம்தான். என் சூத்திரப்படி பிளாஸ்டிக் கூடுதான் வந்திருக்க வேண்டும். ஆனால் வந்தது பித்தளையும் எஃகும், மேலே தங்கப் பூச்சு. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போடும் கடிகாரம் கையில் கனமாக இருக்க வேண்டாமா? டைமெக்ஸோடு சேர்ந்து 1992 முதல் 1998 வரை நடத்திய கூட்டில்தான் மலிவு விலை பிளாஸ்டிக் கடிகாரங்கள் அந்தப் பக்கம் விற்றன. டைட்டன் என்ற பெயர் உலோகத்தோடேயே நின்றது. ஒரே ஊரில் இரண்டு ஆலைகள், இரண்டு பதில்கள். (கடிகாரக் கூடு பெரும்பாலும் வார்ப்பும் அல்ல. அடித்து வடித்து, கடைந்து எடுப்பது.)

இரண்டாவது கேள்விக்கு வருவோம்: அச்சுக் காசு. இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. பெரிய நிறுவனம் பாகத்தை வெளியே செய்யக் கொடுக்கும்போது இரண்டு வழி உண்டு. ஒன்று, அச்சின் விலையை நிறுவனமே கொடுத்துவிடும். அச்சு பட்டறைக்குள் கிடக்கும், ஆனால் அதில் நிறுவனத்தின் பெயர் பொறித்திருக்கும். நாளைக்கே லாரி அனுப்பி எடுத்துப்போய் வேறு பட்டறையில் இறக்கலாம். இன்னொன்று, பட்டறைக்காரர் கடன் வாங்கி அச்சு செய்து, முதல் 50,000 பீஸ் வரை பீஸுக்கு இத்தனை ரூபாய் என்று விலையில் சேர்த்து வசூலிப்பது. வண்டி ஓடினால் நல்லது. 12,000 பீஸோடு அந்த மாடலை நிறுத்திவிட்டால்? மீதி 38,000 பீஸின் அச்சுக் காசு வட்டியோடு பட்டறைக்காரர் தலையில். அந்த அச்சு வேறு எதற்கும் ஆகாது, எடைக்குப் போட வேண்டியதுதான். மணல் வார்ப்புப் பட்டறைக்கு இந்தப் பயம் குறைவு. ஒரு பேட்டர்ன் போனால் 20,000 ரூபாய். சிறு பவுண்டரிகள் இன்னும் உயிரோடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

எல்லை என்பதால் இன்னொரு தலைவலியும் இருந்தது. பெங்களூரில் செய்த பாகம் ஓசூருக்கு விற்கப்பட்டால் அது மாநிலங்களுக்கு இடையேயான விற்பனை. சி படிவம் கொடுத்தால் மத்திய விற்பனை வரி 4 சதவீதம் (2007-ல் 3, 2008-ல் 2 ஆனது), கொடுக்காவிட்டால் அதிகம். அச்சையோ பாகத்தையோ ஏற்றிய வண்டி ஜூஜூவாடி சோதனைச் சாவடியில் காகிதத்தோடு நிற்க வேண்டும். ஏழெட்டுக் கிலோமீட்டரில் இருக்கும் அத்திப்பள்ளிப் பட்டறையை விட, தூரத்தில் இருந்தாலும் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கும் பட்டறை கணக்கில் வசதியாகத் தெரிந்த காலம் அது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி வந்ததும் வணிகவரிச் சாவடிகள் போயின. அதற்குப் பிறகுதான் இந்தப் பகுதி தொழில் ரீதியாக உண்மையிலேயே ஒரே ஊர் ஆனது என்று சொல்லலாம்.

முதலில் சொன்ன வெப்ப வித்தியாசம் ஞாபகம் இருக்கிறதா? டை காஸ்டிங் அச்சு ஒவ்வொரு ஷாட்டிலும் 650 டிகிரிக்கு மேற்பட்ட அலுமினியத்தை வாங்கி, உடனே தண்ணீர் கலந்த மசகுத் தெளிப்பில் குளிர்கிறது. சூடு, குளிர், சூடு, குளிர். மேற்பரப்பில் முடி மாதிரி விரிசல் விழுந்து சுமார் ஒரு லட்சம் ஷாட்டில் அச்சு ஓய்ந்துவிடும். நல்ல பிளாஸ்டிக் அச்சு ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று ஓடும். எண்ணிக்கை கூடக் கூட பிளாஸ்டிக் பக்கம் சாய்வதற்கு இது இன்னொரு காரணம். கார்களில் இன்ஜினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டு முன்பு அலுமினிய வார்ப்பு. 1990-களிலிருந்து கண்ணாடி இழை கலந்த நைலான் அதைப் பிடித்துக்கொண்டது. சூடான இடத்துக்குள்ளேயே பிளாஸ்டிக் நுழைந்தது!

இப்போது நடப்பது இன்னும் பெரிய மாற்றம். 2020 ஜனவரியில் டிவிஎஸ் ஐக்யூப், 2021-ல் ஓசூரில் ஏத்தர் ஆலை, அதே ஆண்டு கடைசியில் போச்சம்பள்ளி ஓலா ஆலையிலிருந்து முதல் ஸ்கூட்டர்கள். மின்சார ஸ்கூட்டரில் சிலிண்டர் இல்லை, ஹெட் இல்லை, கிராங்க் கேஸ் இல்லை. கார்புரேட்டர் ஏற்கெனவே 2020 ஏப்ரலில் பி.எஸ் 6 விதி வந்தபோதே புது வண்டிகளிலிருந்து ஏறக்குறைய காணாமல் போயிருந்தது. கார்புரேட்டர் உடம்பு வார்த்தே பிழைத்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? "பிளாஸ்டிக் ஜெயித்தது" என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் மோட்டார் கூடு, கன்ட்ரோலரின் செதில் வைத்த மூடி, பேட்டரி உறை இவையெல்லாம் சூட்டை வெளியே கடத்த வேண்டும். பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாது. ஆகவே அங்கே அலுமினிய டை காஸ்டிங் திரும்பி வருகிறது. டெஸ்லா 2020-ல் மாடல் ஒய் காரின் பின்பகுதி அடிச்சட்டத்தை, சுமார் 70 துண்டுகளுக்குப் பதிலாக, ராட்சத இயந்திரத்தில் வார்த்தெடுக்கத் தொடங்கியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சிலிண்டர் ஹெட் வார்த்த இயந்திரத்தை வைத்திருப்பவருக்கே இந்தப் புது வேலை கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. இயந்திரம் அதே, அலுமினியம் அதே, அச்சு மட்டும் புதிது. அதற்கு மறுபடியும் யார் காசு கொடுப்பது?

மின்வண்டி, ட்ரோன், மருத்துவக் கருவி என்று புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இப்போது 30 பீஸ், 50 பீஸ்தான் வேண்டும், அதுவும் பிளாஸ்டிக்கில். 5 லட்சத்து அச்சு கட்டுப்படியாகாது. அவர்களுக்குப் பட்டறைகள் சொல்லும் வழி வேக்குவம் காஸ்டிங். 3டி பிரின்டரில் ஒரு மாதிரி எடுத்து, அதைச் சுற்றி சிலிக்கோன் ரப்பரை ஊற்றி அச்சு ஆக்கி, அதற்குள் பாலியூரிதேன் திரவத்தை ஊற்றி ஆறவிடுகிறார்கள். ஒரு ரப்பர் அச்சு சுமார் 20 பீஸ் தாங்கும், பிறகு கிழிந்துவிடும், இன்னொன்று ஊற்ற வேண்டும். பொருள் பிளாஸ்டிக், செய்முறை வார்ப்பு. நம் தேர்வுத்தாளில் இதைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.